பால் வற்றிய மரத்தில் ஒரு வரி

“…உக்காந்தே இருந்தா அது ஒரு நாளும் உள்ளுக்கு வராதுடி, எழும்பு மொதல்ல” என்றாள் மகேஸ்.

போன சனிக்கிழமை நடந்தது இது. என் மகள் பத்தாம் வகுப்பு. அவள் டியூஷன் முடிந்து வருவதற்குள் அவளுடைய கணிதப் புத்தகத்தில் ஒரே ஒரு தேற்றத்தைப் படித்து வைத்துவிட வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை வந்து “இது எப்படிம்மா?” என்று கேட்டால், அடுப்பில் இருக்கும் கறியைக் கிண்டிக்கொண்டே, ஏதோ பிறந்ததிலிருந்து தெரிந்த மாதிரி சொல்ல வேண்டும். அதுதான் திட்டம். தாய்மார் இப்படிப்பட்ட கள்ளத்தனமெல்லாம் செய்வதுண்டு. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் இருந்தது, வட்டத்துக்குள் கோடுகள் இருந்தன. புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாம் விளங்கியது. மூடினால் வட்டம் மட்டும் மிஞ்சியது, அதுவும் நான் சுடும் ரொட்டி மாதிரி. அந்த நேரத்தில்தான் மகேஸ் வந்தாள். கேகாலை டவுனுக்கு வந்தால் என் வீட்டில் ஒரு பிளேன்டீ குடிக்காமல் அவள் திரும்பி பஸ் ஏறுவதில்லை. வந்தவள் கதிரைக்குப் பின்னால் நின்று என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாள்.

எழும்பு என்று அவள் சொன்னால் அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. எங்கள் தோட்டத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று பார்த்தால் கணக்கப்பிள்ளையின் வேலை ஒன்றுதான். மற்ற எல்லாம் நின்று செய்வது, நடந்து செய்வது, சுமந்து செய்வது. நான் சொல்லும் தோட்டம் கித்துல்கலைப் பக்கம் போகும் ரோட்டில் இறங்கி மேலே ஏறினால் வரும் ரப்பர் தோட்டம். முதல் தடவை வருகிறவர்கள் ஸ்டோருக்குப் பக்கத்தில் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். புளித்த பாலும் ஈரச்சாக்கும் புகையும் கலந்த வாடை அது. எங்களுக்கு அது வாடையே இல்லை. என் அப்பா அந்த ஸ்டோரில் ரப்பர் ஷீட் அழுத்தும் மெஷினில் வேலை செய்தார். அவர் உடுப்பைத் துவைத்தாலும் போகாது. பிற்காலத்தில் டவுனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ்ஸில் யாரோ ஒருவர் மேல் அந்த வாடை வந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அவரோடேயே போய்விட்டேன்.

மகேஸின் அம்மா செல்லம்மா அத்தை பால் வெட்டுகிறவர். விடிந்ததும் விடியாததுமாகத் தன் பங்கு மரங்களுக்குப் போய், ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு வெட்டு வெட்டி, கீழே கட்டியிருக்கும் சிரட்டைக்குள் பால் சொட்டுவதைப் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். எல்லாம் வெட்டி முடிந்தபின் திரும்பி முதல் மரத்திலிருந்து பாலை வாளியில் சேர்க்க வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து நடந்து அத்தைக்கு ஒரு முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிப்போயிருந்தது. சனி ஞாயிறு, பள்ளிக்கூட லீவு நாள் எல்லாம் மகேஸ்தான் அந்த மரங்களை வெட்டினாள்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு டீச்சர் இல்லை. சமயம் படிப்பித்த வாத்தியார் சேர்தான் மனமிரங்கி அந்தப் பாடத்தையும் எடுத்தார். புத்தகத்தில் இருக்கும் விடையை அப்படியே போர்டில் எழுதிவிட்டு, “பாத்து எழுதிக்குங்க புள்ளைகளா, பாத்து எழுதுறதும் ஒரு படிப்புதான்” என்பார். நல்ல மனுசன். நாங்களும் பார்த்து எழுதினோம், மிக அழகாகப் பார்த்து எழுதினோம். கொப்பி நிறைய சரி. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் பார்த்து எழுத எதுவும் இல்லை என்று கண்டபோதுதான் எங்களுக்கு விசயம் விளங்கியது. முதல் தடவை மகேஸும் நானும் சேர்ந்தே கணக்கில் பெயில். தமிழிலும் சமயத்திலும் நல்ல பெறுபேறு. என்ன புண்ணியம்? கணக்கு இல்லாமல் மேலே எந்தக் கதவும் திறக்காது.

ரிசல்ட் வந்த அன்று செல்லம்மா அத்தை மகளை அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “இன்னொரு தடவ எழுது. நான் வேணாங்கல. அதுலயும் இல்லைன்னா எங்கூடப் பெரட்டுக்கு வந்து பேரைப் பதிஞ்சிரு. அப்ப நான் சண்ட போட மாட்டேன், நீயும் அழக்கூடாது. சரியா?”

பெரட்டு என்பது காலையில் எல்லாரும் கூடி வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம். ஒரு தடவை அங்கே பேர் பதிந்தால், நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போன ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. மகேஸ் “சரி” என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? அன்று அவள் என்னிடம் வந்து சொன்னது இதுதான்: “அம்மா ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்டி.”

எங்களுக்கு வழி காட்டியது ஜெசீமா. எங்கள் வயதுதான். கடைத்தெருவில் அவளுடைய வாப்பாவின் பலசரக்குக் கடை. டவுன் முஸ்லிம் ஸ்கூலில் படித்து, நாங்கள் பெயிலான அதே பரீட்சையில் கணக்குக்கு ‘டி’, அதாவது டிஸ்டிங்ஷன், எடுத்திருந்தாள். அவள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், என்னோடு பருப்பு வாங்கப் போன மகேஸ் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டாள், “எப்படி எடுத்தீங்க?” என்று. ஜெசீமா சிரித்தாள். “நீ ‘நீங்க, வாங்க’ போட்டா நானும் ‘நீங்க, வாங்க’ போடணும். ‘வாடி போடி’ன்னே பேசு. சனிக்கெழம வாங்க ரெண்டு பேரும், கடைக்குப் பொறகால மேசை ஈக்கிது.”

அவள் ‘ஈக்கிது’ என்பது எங்களுடைய இருக்கிறது. கருவாடும் மண்ணெண்ணெயும் சீனிச் சாக்கும் மணக்கும் ஒரு பின் அறை அது. இன்றைக்கும் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது எனக்குப் பசி வருவதில்லை, இருபடிச் சமன்பாடு ஞாபகம் வருகிறது. என்ன செய்ய.

அந்தக் காலத்தில் கடைச் சாமான் சுற்றிக் கொடுப்பது பழைய தாளில்தானே. ஜெசீமாவின் வாப்பா டவுன் பள்ளிக்கூடங்களின் பழைய தவணைப் பரீட்சைத் தாள்களை நிறுத்து வாங்கி வந்து, அந்த அறையில்தான் குவித்து வைத்திருப்பார். யாரோ எழுதிய விடைகள், யாரோ போட்ட சிவப்புக் கோடுகள். ஜெசீமா அவற்றில் கணக்குத் தாளை மட்டும் பொறுக்கி, சிவப்பு மை தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு எங்கள் முன்னால் வைப்பாள். “இந்தப் புள்ள எங்க வழி தப்பிப் போனா? கண்டுபிடிங்க.” முகம் தெரியாத டவுன் பிள்ளைகளின் பிழையைத் தேடுவதில் இருக்கும் சந்தோசம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. முத்து முத்தான எழுத்தில் ஒரு பெண், ஒவ்வொரு தாளிலும் கழித்தல் அடையாளத்தை மட்டும் மறந்துவிடுவாள். நாங்கள் அவளுக்கு ‘கழித்தல் அக்கா’ என்று பேர் வைத்து, அவள் தாளைக் கண்டால் கூச்சலே போடுவோம். பிறர் பிழையைத் தேடித் தேடி எங்கள் பிழையும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. பிழை விட்டால் அழிக்கக் கூடாது என்பது ஜெசீமாவின் இன்னொரு சட்டம். மேலே ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே திரும்பச் செய்ய வேண்டும். “அழிச்சா அது திரும்பி வரும். கிடக்கட்டும், பாத்துட்டே ஈக்கட்டும்” என்பாள்.

எங்களுக்கென்றே சில விசேஷப் பிழைகள் இருந்தன. பன்னிரண்டு பேர் எட்டு நாளில் ஒரு காணியைத் துப்புரவு செய்வார்கள், பதினாறு பேர் எத்தனை நாளில் செய்வார்கள் என்று ஒரு கணக்கு. விடை ஆறு. மகேஸ் ஏழு என்று எழுதியிருந்தாள்.

“ஏழு எப்பிடி வந்த?” என்றாள் ஜெசீமா.

“இடையில ஒரு ஞாயித்துக்கெழம வருமே. அன்னிக்குப் பால் வெட்டு மட்டும்தானே, பெரட்டு இல்லையே.”

ஜெசீமா என் தாளைப் பார்த்தாள். நான் ஐந்தே சொச்சம் என்று எழுதி, அந்தச் சொச்சத்தோடு தாளின் ஓரம் வரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “பன்னெண்டு பேருல ஒருத்தர் கங்காணியா இருப்பாருல்ல? அவரு நின்னு பாப்பாரு, வெட்ட மாட்டாரு. அதான் ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தரக் கழிச்சேன்” என்றேன். ஜெசீமா மேசையில் தலையை வைத்துச் சிரித்த சிரிப்பில் முன்கடையிலிருந்து அவளுடைய உம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “இங்க பாருங்க. வீட்டுக்குள்ள வரக்குள்ள செருப்பக் கழட்டி வச்சிட்டுத்தானே வாற? அது மாதிரி கணக்குக்குள்ள வரக்குள்ள தோட்டத்தக் கழட்டி வச்சிட்டு வரணும்.”

“அப்ப மழ பெஞ்சா?” என்றாள் மகேஸ், விடாமல்.

“கணக்குல மழ இல்ல.”

“எந்த ஊருடி அது?”

மழையும் ஞாயிற்றுக்கிழமையும் இல்லாத, கங்காணியும் சேர்ந்து மண்வெட்டி பிடிக்கிற அந்த ஊரைப் பற்றி நாங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். மகேஸுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. ஆனால் பரீட்சை முடியும் வரை அங்கே போய் இருக்க ஒப்புக்கொண்டாள்.

கணக்குகள் இப்படி வழிக்கு வந்தன. தேற்றங்கள்தான் வரவில்லை. தேற்றத்தை வரி வரியாக, ஒன்றும் விடாமல் நிறுவ வேண்டும். மகேஸ் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், குப்பி விளக்கின் முன் உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தூங்கிவிடுவாள். விடிய எழுந்து மரம் வெட்டினவள் வேறு என்ன செய்வாள்? “உக்காந்தா தூக்கம் வருது, நடந்தாத்தான் முழிப்பு” என்று அவள் சலித்துக்கொண்டபோது, அப்படியானால் மரத்தடியிலேயே படி என்று சொன்னது நான்தான். என் வாழ்க்கையில் எனக்கு வந்த நல்ல யோசனைகளில் ஒன்று. அதிலும் ஒரு ஓட்டை இருந்ததைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு மரத்துக்கு ஒரு வரி. அதுதான் யோசனை. ஒரு பின்னேரம் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அவள் வெட்டும் மரங்களை நிரையாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கொடுத்தேன். முதல் மரம்: தரவு. அடுத்தது: நிறுவ வேண்டியது. மூன்றாவது: அமைப்பு, அதாவது, மையத்தினூடாக ஒரு கோட்டை வரைந்து நீட்டுக. அதற்கு அடுத்த மரத்திலிருந்து நிறுவல் தொடங்கும். ஆரைகள் சமம், ஆகவே இருசமபக்க முக்கோணி, ஆகவே கோணங்கள் சமம் என்று மேட்டில் ஏறிப் போகும். மேல் நிரையில் ஒரு தேற்றம், நடு நிரையில் இன்னொன்று, ஓடைக்குப் பக்கத்தில் பைதகரஸ். மகேஸ் ஒரு மரத்தில் கத்தியை வைத்து வெட்டும்போது அந்த மரத்துக்கு உரிய வரியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பால் கோடு இறங்கிச் சிரட்டையில் சொட்டும் முன் வரி முடிந்துவிட வேண்டும்.

செல்லம்மா அத்தை முதல் நாளே பயந்துவிட்டார். “மரத்துகிட்டப் பேசுறாளே. பாஸ் பண்ணாலும் பண்ணாட்டியும் இவள யாரு கட்டிக்குவா?” என்று என் அம்மாவிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னார். “மரம் பதில் பேசுனாத்தான் பயப்படணும் அண்ணி” என்றார் என் அம்மா.

இரண்டு மூன்று வாரத்தில் மகேஸ் நிரை நிரையாகத் தேற்றம் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பெருமையோடு ஜெசீமாவிடம் போனோம். அவள் வெற்றுத் தாளைக் கொடுத்து, வட்டத்துத் தேற்றத்தை எழுதச் சொன்னாள். மகேஸ் ஓட்டமாக எழுதி நீட்டினாள். ஜெசீமா பார்த்துவிட்டு, “அமைப்பு எங்க?” என்றாள்.

இல்லை. நிறுவ வேண்டியதிலிருந்து நேராக நிறுவலுக்குப் போயிருந்தாள். இல்லாத ஒரு கோட்டைப் பற்றி மிச்ச வரிகளெல்லாம் பேசிக்கொண்டிருந்தன. மறதி என்று விட்டோம். அடுத்த சனிக்கிழமையும் அதே வரி இல்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும். “என் மண்டையில அந்த எடத்துல ஓட்ட விழுந்திருச்சு. இது எனக்கு வராது. அம்மா சொன்ன மாதிரி பேரப் பதிஞ்சிர்றேன்” என்று மகேஸ் பேனையை வைத்துவிட்டாள்.

ஜெசீமா மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள். “மறந்தா அங்க இங்க மறக்கும். ஒவ்வொரு நாளும் ஒரே எடத்தில மறக்குறதுன்னா அது மறதி இல்ல. அங்க ஏதோ ஈக்கிது. நீ போய்ப் பாரு” என்று என்னிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் பனியோடு பனியாக மகேஸுக்குப் பின்னால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முதல் மரம். கத்தி வைத்தாள், தரவு சொன்னாள். இரண்டாவது மரம். நிறுவ வேண்டியதைச் சொன்னாள். மூன்றாவது மரத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு தாண்டி, அடுத்த மரத்தில் கத்தியை வைத்து, “ஆரைகள் சமம்” என்றாள்.

“ஏன்டி அந்த மரத்த விட்டுட்ட?”

“எந்த மரம்?”

“இது!”

அவள் திரும்பிப் பார்த்தாள். எனக்கு மரம் எல்லாம் ஒன்று. ஸ்டோர்க்காரன் மகளுக்கு என்ன தெரியும்? அவள்தான் சொன்னாள்: “அது பால் வத்திப்போன மரம்டி. அதுல யாரும் வெட்டுறதில்ல.” சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வெட்டாத மரத்தில் போய் ஒரு வரியைக் கட்டி வைத்துவிட்டு, அவள் மண்டையில் ஓட்டை என்று ஒரு மாதமாக நாங்கள் அழுதுகொண்டிருந்திருக்கிறோம். அந்தப் பனியில் இரண்டு பேரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பில் மகேஸுக்கு அழுகையும் வந்தது.

வரியை வேறு மரத்துக்கு மாற்றலாம் என்றேன். மகேஸ் சம்மதிக்கவில்லை. மாற்றினால் எல்லா வரியும் ஒரு மரம் தள்ளிப் போகும், பழகின கால் குழம்பிவிடும் என்றாள். எங்கிருந்தோ ஒரு சிரட்டையைக் கொண்டு வந்து அந்தப் பால் இல்லாத மரத்தில் கட்டினாள். சிரட்டையைக் கண்டால் கால் தானாக நிற்கும் என்பது அவள் கணக்கு. நின்றது. வெறுமனே கத்தியின் முதுகால் பட்டையைத் தொட்டு, “மையத்தினூடாக ஒரு கோட்டை வரைந்து நீட்டுக” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இதைக் கண்டுபிடித்தவர் கங்காணி மாத்தயா, அதாவது கங்காணி ஐயா. சிங்களவர். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் ஏசுவார், அதில் இரண்டு மொழிக்கும் நோகாது. “மே மொகத? என்னா இது? செத்த மரத்துக்குச் சிரட்டை கட்டினது யாரு?” என்று கத்தினார்.

“நான்தான் மாத்தயா. விபாகெட்ட” என்றாள் மகேஸ். பரீட்சைக்காக.

“மரமா எழுதப் போவுது விபாகே?”

மகேஸ் பயத்தில் தேற்றம் முழுவதையும் அவருக்கு முன்னால் ஒப்புவித்துவிட்டாள், மரம் மரமாகக் கையைக் காட்டி. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சிரட்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு காலையில் அந்தப் பக்கம் வந்தால் அந்த மரத்தைக் காட்டி, “அத ஹரித?” என்று கேட்பார். இன்றைக்குச் சரியா என்று. மகேஸ் “ஹரி மாத்தயா” என்பாள்.

பரீட்சை அன்று மழை. அடையாள அட்டையை மறந்துவிட்டால் மண்டபத்துக்குள்ளும் போக முடியாது, வழியில் பஸ்ஸை மறித்துச் சோதிக்கும் இடத்தையும் தாண்ட முடியாது என்றிருந்த யுத்தக் காலம். அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கேகாலைக்குப் போனோம். மண்டபத்தில் மகேஸ் எனக்கு முன் வரிசையில், கொஞ்சம் தள்ளி. நிச்சயம் வரும் என்று நாங்கள் சத்தியம் பண்ணி வைத்திருந்த வட்டத்துத் தேற்றம் வரவே இல்லை. அத்தனை கூத்தும் அதற்காகத்தான், அது வரவில்லை. ஓடைப் பக்கத்து நிரையில் இருந்த வேறொன்று வந்திருந்தது.

நான் எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். எல்லாம் எங்கேயோ பார்த்தது மாதிரி இருந்தது, அடுத்த வரிதான் வரவில்லை. பக்கத்தில் புத்தகம் இருந்தால் எல்லாம் தெரியும் எனக்கு. அப்போதுதான் மகேஸைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். பேனை பிடித்திருந்த கை மேசைக்கு மேலே கொஞ்சம் உயர்ந்து, காற்றில் சாய்வாக ஒரு வெட்டு வெட்டியது. எழுதினாள். திரும்பக் கண்ணை மூடினாள், இன்னொரு வெட்டு. நிரையில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நான் முடித்து வெளியே வந்து நின்றேன். அவள் கடைசி மணி அடிக்கும் வரை உள்ளே இருந்தாள். என்னடி செய்தாய் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, “எழுதி முடிச்சிட்டு, தொடாமத் தாண்டிப்போன மரம் ஏதும் இருக்கான்னு ஆரம்பத்துல இருந்து திரும்ப நடந்து வந்தேன். ரெண்டு இருந்துச்சு” என்றாள்.

ரிசல்ட் வந்தது. மகேஸுக்குக் கணக்கில் ‘சி’. எனக்கு ‘எஃப்’.

நாங்கள் லயத்துக்கு வந்தபோது செல்லம்மா அத்தை இஸ்தோப்பில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் “பாஸா?” என்றார்.

“பாஸ்மா.”

அத்தை கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தார். “அப்பச் சரி. நாளைக்கும் நானே போறேன்” என்று சொல்லிவிட்டு, வீங்கிய முழங்காலுக்குத் துணியைச் சுற்ற ஆரம்பித்தார். பெயிலாகியிருந்தால் பெரட்டில் மகள் பேரைச் சொல்லியிருக்க வேண்டிய காலை அது. அந்த முழங்காலோடு அவர் அதற்குப் பிறகும் பல வருசம் நடந்தார். மகேஸ் கேகாலையில் உயர்தரம் படித்ததும், பிறகு டீச்சர் வேலைக்குப் போனதும் அந்த நடையில்தான்.

துணியைச் சுற்றி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ?”

“பெயில் அத்தை.”

“ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே படிச்சீங்க?” என்றவர், பதிலை எதிர்பார்க்காமல் எழுந்து உள்ளே போய், ரொட்டியும் கட்டசம்பலும் கொண்டு வந்தார். எனக்கு வைத்தது பெரிய ரொட்டி. “எல்லா நாளும் புத்தகம் ஒங் கையிலேயே இருந்துச்சு புள்ள. அவளுக்கு அது இல்லாமப் பழகிருச்சு. சாப்புடு.”

யோசித்துப் பார்த்தால், படிப்பைப் பற்றி எனக்குக் கிடைத்த புத்திகளில் அதைவிடப் பெரிதாக ஒன்றை நான் எங்கும் வாசித்ததில்லை. வாசிப்பு என்று நான் சொல்வதும் பெரிய வாசிப்பில்லை. துணிக்கடையில் வேலை செய்த வருசங்களில் சேலைக்கு இடையில் வைத்து வரும் பழைய பத்திரிகைகள், பஸ்ஸில் பக்கத்து ஆள் விரித்துப் பிடித்தது, பொட்டலம் பிரித்தது. மனுசர் பேசுவதைக் கேட்டதுதான் கூட. அதில் கேட்டது எதுவும் எனக்கு மறக்கவில்லை. காதில் கேட்டதற்குப் புத்தகம் இல்லையல்லவா, அதனால் இருக்கலாம்.

ஜெசீமா கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போனாள். கடை இப்போது போன் கடை. பொட்டலம் கட்டும் தாளுக்கு அங்கே வேலை இல்லை. பிறர் பிழையைப் பருப்போடு சேர்த்து வீட்டுக்கு வாங்கிப் போன காலம் அதோடு முடிந்தது. செல்லம்மா அத்தை போய்விட்டார். கங்காணி மாத்தயா பென்ஷன் வாங்கிப் போனார், எங்கே என்று தெரியவில்லை. ரப்பர் ஸ்டோர் மூடி, கூரைத் தகரத்தையும் யாரோ கழற்றிவிட்டார்கள். போன வருசம் மகேஸும் நானும் தோட்டத்துக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தோம். அவளுடைய நிரையைப் பார்க்கலாம் என்று மேலே ஏறினோம். ரப்பர் மரம் ஒன்றும் இல்லை. மெஷினால் வேரோடு பிடுங்கிவிட்டு, மலை முழுக்கக் கட்டுப்பொல் நட்டிருந்தார்கள், எண்ணெய் எடுக்கிற அந்த முள்ளுப் பனை. அதற்கு நடுவில் நடக்க முடியாது, முள் கிழிக்கும். நிரையும் முன்பிருந்த நிரை இல்லை. தரவு எங்கே, நிறுவ வேண்டியது எங்கே, பைதகரஸ் எந்தப் பக்கம் என்று மகேஸ் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். ஓடை மட்டும்தான் பிடிபட்டது. அந்தப் புளித்த வாடையும் இல்லை. இருவரும் மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தோம், இல்லை. கீழே இறங்கும்போது மகேஸ் சொன்னாள், “மரம் போனாப் போகட்டும்டி, வரி என்கிட்டத்தானே இருக்கு.” சொல்லிவிட்டு அழுதாள். பிறகு பஸ் வந்தது.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். எழும்பு என்று சொன்ன பிறகும் நான் எழும்பவில்லை. இந்த வயதில் எனக்கு எதற்கடி இதெல்லாம், பிள்ளைக்காக ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால் போதும் என்றேன். டவுனில் நடப்பதற்கு மரம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டேன்.

மகேஸ் மிச்சப் பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்துக் கோப்பையை வைத்தாள். என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். மற்றக் கையால் என்னைக் கதிரையிலிருந்து இழுத்து, வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்குக் கொண்டு வந்து, முதல் லைட் கம்பத்தின் அடியில் நிறுத்தினாள். ரோட்டோரம் நெடுக அடுத்த கம்பம், அதற்கடுத்த கம்பம் என்று சந்தி வரை நின்றன. என்னை முன்னால் விட்டுவிட்டு அவள் இரண்டு எட்டு பின்னால் போய், புத்தகத்தை விரித்து, எனக்குத் தெரியாதபடி நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.